வாசல்வரை அவர்கள் வருவார்கள்: கட்டுமானப் பணியிடத்தில் அவசர உதவிக்கு வழிசெய்வது எப்படி

கட்டுமானப் பணியிடத்தில் புதிதாகப் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றவரிடம் "விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "ஆம்புலன்சைக் கூப்பிடுவேன்" என்பார். சரியான பதில்தான். ஆனால் அது முதல் நிமிடத்துக்கான பதில் மட்டுமே. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஊரின் தெருக்கள் தெரியும். உங்கள் இரண்டாவது வாசலை நேற்று தகரம் வைத்து அடைத்துவிட்டது அவருக்குத் தெரியாது. ஒன்பதாவது மாடிக்குப் போகும் படிக்கட்டில் இன்று காலை சென்ட்ரிங் பலகைகளை அடுக்கிவைத்ததும் தெரியாது.

நான் முதன்முதலாக நடத்திய ஒத்திகையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. தொலைபேசி அழைப்பிலிருந்து வாசல்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாசலுக்கு உள்ளேதான் கூத்து. காயம்பட்டவராக நடித்த தொழிலாளி ஆறாவது மாடியில் படுத்திருக்க, ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்களை ஒருவர் இடப்பக்கப் படிக்கட்டுக்கும் இன்னொருவர் வலப்பக்கப் படிக்கட்டுக்கும் அழைத்தார். ஆளேற்றும் ஹாய்ஸ்ட், அதாவது பணியிடத்தின் தற்காலிக லிஃப்ட், மேலே எங்கோ நின்றுகொண்டிருந்தது. அவர்கள் ஆளருகே போய்ச் சேர்ந்தபோது, சாலையில் ஓடியதைவிட உள்ளே அலைந்த நேரம் அதிகமாகியிருந்தது. சாலையில் ஓடும் நேரம் அவர்கள் பொறுப்பு, வாசலுக்கு உள்ளே ஓடும் நேரம் நம் பொறுப்பு என்று அன்று கணக்குப் போட்டுக்கொண்டேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது நேரத்தைப் பற்றியது.

அது எவ்வளவு சிறிய நேரம் என்பதையும் மனத்தில் வையுங்கள். இதயத் துடிப்பு நின்றவரின் மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் பாதிக்கப்படத் தொடங்கிவிடும்.

முதல் படி: வேலை தொடங்கும் முன்பே அவர்களைச் சந்தியுங்கள்

அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும், ஆம்புலன்ஸ் சேவையின் பொறுப்பாளருக்கும், பெரிய காயங்களைக் கவனிக்கக்கூடிய மருத்துவமனைக்கும் நேரில் போங்கள். கடிதம் அனுப்பிக் கோப்பில் ஒரு நகல் வைத்துக்கொள்வது தணிக்கைக்குப் போதும், விபத்துக்குப் போதாது.

பேச வேண்டியதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கட்டடம் எத்தனை மாடி, எத்தனை அடுக்கு நிலவறை, பள்ளம் எவ்வளவு ஆழம், உச்சத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள், இரவு வேலை உண்டா, எங்கே எவ்வளவு டீசல், எங்கே கேஸ் சிலிண்டர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு அவர்களைக் கேளுங்கள். உங்கள் ஏணி எத்தனை மீட்டர் எட்டும்? உங்கள் வண்டியின் எடை, அகலம், உயரம், திரும்பத் தேவைப்படும் இடம் எவ்வளவு? கிரேன் உச்சியிலிருந்து ஒருவரை இறக்கும் குழு உங்களிடம் உண்டா, இல்லையென்றால் எங்கிருந்து வர வேண்டும்? பள்ளம் சரிந்தால் முட்டுக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றனவா?

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள் சில வேளை திடுக்கிட வைக்கும். உயர ஏணி வண்டிகள் பல 30 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நம் படிக்கட்டும் ஹாய்ஸ்ட்டும்தான் கதி. சிறப்பு மீட்புக் குழு வேறோர் ஊரிலிருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கான ஏற்பாட்டை நீங்களே செய்தாக வேண்டும். கேட்காமல் விட்டால் விபத்தன்றுதான் தெரியவரும்.

இன்னொன்று, தண்ணீர்க் குழாயின் இணைப்பு. தீயணைப்பு வண்டியின் குழாயும் உங்கள் ஹைட்ரன்டின் (தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய் முனை) வாயும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இணைப்புகளில் பல வகை உண்டு. வரைபடத்தில் பொருந்தியது கையில் பொருந்தாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் உயர உயர, தண்ணீர் ஏற்றும் செங்குத்துக் குழாயும் கூடவே உயர வேண்டும். "கடைசியில் ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று குழாய் வேலைக்காரர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத, கதவுகள் இல்லாத, காற்று தாராளமாக வீசும் அரைகுறைக் கட்டடத்தில்தான் தீ வேகமாகப் பரவும்.

நிலையத்திலிருந்து ஆட்களை உங்கள் இடத்துக்கு அழைத்து நடத்திக் காட்டுங்கள். ஒருமுறை போதாது, அடித்தளத்துக்கு வானம் தோண்டும்போது ஒருமுறை, நிலவறை முடிந்ததும் ஒருமுறை, கட்டடம் எழும்பிய பிறகு ஒருமுறை. தீயணைப்பு நிலையத்தில் ஆட்கள் சுழற்சி முறையில் வேலை செய்வதை மறக்க வேண்டாம். இன்று வந்து பார்த்த குழு, விபத்தன்று பணியில் இல்லாமல் போகலாம். ஒவ்வொரு சுழற்சிக் குழுவையும் அழைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் படங்களோடு ஒரு பக்கக் குறிப்பாவது அவர்கள் அறையில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

இரண்டாம் படி: உங்களுக்கு ஒரு முகவரி இருக்கிறதா?

சிரிக்க வேண்டாம். புதுச் சாலை வரைபடத்தில் இருக்காது. கதவு எண் கட்டடம் முடிந்த பிறகுதான் வரும். நிறுவனத்தின் தலைமை அலுவலக முகவரி பலகையில் பெரிதாக இருக்கும். பதற்றத்தில் ஒருவர் அதைப் படித்துச் சொல்லிவிட்டால் ஆம்புலன்ஸ் அங்கே போய் நிற்கும்.

ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண் கொடுங்கள். வெளியே தொலைவிலிருந்து தெரியும்படியும், உள்ளே தொழிலாளர்கள் தினமும் பார்க்கும்படியும் பலகை வையுங்கள். உட்பக்கப் பலகையில் அவசர எண், சாலையின் பெயர், அருகில் உள்ள எல்லாரும் அறிந்த அடையாளம், வாசல் எண், ஜிபிஎஸ் ஆயத்தொலைவு ஆகியவை இருக்கட்டும். அவசர எண் நாட்டுக்கு நாடு வேறு: சில இடங்களில் 112, சில இடங்களில் 911, சில இடங்களில் 999, இன்னும் சில இடங்களில் ஆம்புலன்சுக்கு ஒன்று, தீயணைப்புக்கு வேறொன்று. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த தொழிலாளிக்குத் தன் சொந்த ஊர் எண்தான் நினைவுக்கு வரும். அதனால் பலகை அவர் படிக்கும் மொழியிலும் இருக்க வேண்டும்.

மாடி எண்ணிலும் சிக்கல் உண்டு. வரைபடத்தில் தரைத்தளம் சுழியம். சாரம் கட்டுபவர்கள் அதையே ஒன்று என்பார்கள். "அஞ்சாவது மாடி" என்று ஒருவர் சொல்ல, மீட்புக் குழு ஒரு மாடி கீழேயோ மேலேயோ போய்த் தேடும். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் பெரிய எண் எழுதுங்கள். அதை மட்டுமே எல்லாரும் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். படிக்கட்டுகளுக்கும் எழுத்து கொடுங்கள். "படிக்கட்டு அ, எண் 5" என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

தவறான இடத்தில் தேடுவதன் விலை என்ன என்பதற்குப் பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயத் தீ ஒரு பாடம். 2019 ஏப்ரல் 15 அன்று, புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தில் எச்சரிக்கைக் கருவி சரியாகவே ஒலித்தது. ஆனால் அது சுட்டிய இடம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால், பார்க்கப் போன காவலர் பக்கத்துக் கட்டடத்தின் பரணில் தேடினார். உண்மையான இடம் தெரிந்து தீயணைப்புப் படைக்குச் சொல்வதற்குள் ஏறத்தாழ அரை மணி நேரம் போய்விட்டது. கருவியில் கோளாறு இல்லை. இடத்தின் பெயர்தான் சரியாகப் போய்ச் சேரவில்லை.

மூன்றாம் படி: வண்டிக்கு ஒரு வழி, ஸ்ட்ரெச்சருக்கு இன்னொரு வழி

பெரும்பாலோர் வண்டிப் பாதையோடு நிறுத்திவிடுவார்கள். தீயணைப்பு வண்டிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் அகலம், மேலே தொங்கும் கம்பியோ குழாயோ இல்லாத வெளி, திரும்ப இடம் ஆகியவை தேவை. துல்லியமான அளவை நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். மழைக்குப் பிறகு அந்தப் பாதை சேறாகிறதா என்றும் பாருங்கள். ஆளுக்குத் தெரியாத ஓர் ஆபத்து நிலவறைக் கூரை. மேலிருந்து பார்த்தால் அருமையான சமதளம், வண்டி நிறுத்த வாகான இடம். கீழே முட்டுகளில் நிற்கும் ஈரக் கான்கிரீட். 20 டன் வண்டியை அதன்மேல் ஏற்றினால் இரண்டாவது விபத்து. அங்கே தடுப்பும் பலகையும் கட்டாயம்.

ஸ்ட்ரெச்சர் வழிக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். ஆம்புலன்சின் ஸ்ட்ரெச்சர் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். அது ஹாய்ஸ்ட் கூண்டுக்குள் படுத்தவாக்கில் போகுமா? தற்காலிகப் படிக்கட்டின் திருப்பத்தில் வளையுமா? சாரத்தின் ஏணிப் பொந்தில் இறங்குமா? ஒரு பலகையை அதே நீள அகலத்தில் வெட்டி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். போகாத இடங்களுக்குக் கூடை வடிவ மீட்பு ஸ்ட்ரெச்சரும், அதைக் கிரேனில் இறக்குவதற்கான முறையான ஏற்பாடும் வேண்டும். இதைக் கிரேன் ஓட்டுநரோடும் தீயணைப்புக் குழுவோடும் முன்பே பேசி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு கயிறு தேடக் கூடாது.

நான்காம் படி: வாசல் பெட்டி

வாசலில், காவலாளியின் அறையில், சிவப்புப் பெட்டி ஒன்று. உள்ளே பணியிடத்தின் ஒரு பக்க வரைபடம்: வாசல்கள், வண்டி வழி, படிக்கட்டுகள், ஹாய்ஸ்ட், ஹைட்ரன்ட், மெயின் சுவிட்ச், டீசல் தொட்டி, சிலிண்டர் கூண்டு, ரசாயனக் கிடங்கு, கூடுமிடம். அதோடு பொறுப்பாளர்களின் தொலைபேசி எண்கள், ரசாயனங்களின் பாதுகாப்புத் தரவுத் தாள்கள், உள்ளே திறக்க வேண்டிய பூட்டுகளின் சாவிகள். மழையில் நனையாத உறை.

ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் அதைத் திருத்தித் தேதி போடுங்கள். மூன்று மாதப் பழைய வரைபடம் வழியைக் காட்டுவதற்குப் பதில் குழியைக் காட்டும்.

ஐந்தாம் படி: அழைப்பு

யார் அழைப்பது? பார்த்தவர். சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் பொறியாளரிடம் சொல்லி, அவர் மேலாளரிடம் அனுமதி கேட்டு அழைக்கும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிமிடங்கள் வீணாகின்றன. "அழைத்ததற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டோம்" என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கட்டும். தேவையில்லாமல் அழைத்துவிட்டால் மறுபடி அழைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

அழைப்பவர் முடிந்தவரை காயம்பட்டவரின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "மூச்சு விடுகிறாரா? பேசுகிறாரா?" என்று மறுமுனையில் கேட்பார்கள், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரால் பதில் சொல்ல முடியாது. நிலவறையில் செல்பேசி சிக்னல் இருக்காது. எங்கெங்கே கிடைக்காது என்று முன்பே நடந்து பார்த்துக் குறித்து, அங்கே வாக்கி டாக்கி ஏற்பாடு செய்யுங்கள். சொல்ல வேண்டிய வரிசை இது:

இடம், வாசல் எண்.
என்ன நடந்தது (எத்தனை மீட்டரிலிருந்து விழுந்தார், எது மேலே விழுந்தது).
எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா.
இன்னும் இருக்கும் ஆபத்து: மின்சாரம், வாயு, சரியும் மண், தீ.
மாட்டிக்கொண்டிருக்கிறாரா, உயரத்திலா, ஆழத்திலா.
திரும்ப அழைக்க வேண்டிய எண்.

இடத்தை முதலில் சொல்லச் சொல்வதற்குக் காரணம், இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் வண்டி கிளம்பிவிடும். "ஒருவர் விழுந்துவிட்டார்" என்றால் ஓர் ஆம்புலன்ஸ் வரும். "எட்டு மீட்டர் பள்ளத்தில் விழுந்திருக்கிறார், ஏணி இல்லை" என்றால் கயிற்று மீட்புக் குழுவும் சேர்ந்து வரும். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கக் கூடாது.

ஆறாம் படி: அவர்கள் வரும்வரை

ஒருவர் அழைக்கும்போதே மற்றவர்கள் சும்மா கூடி நிற்காமல் இருக்க, பொறுப்புகள் முன்பே பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளிரும் சட்டை அணிந்த ஒருவர் சாலையில், வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் நிற்பார். இரண்டாமவர் வாசலைத் திறந்து, லாரிகளை வெளியே நிறுத்திவைப்பார். கான்கிரீட் லாரி வரிசைதான் வாசலின் முதல் எதிரி. மூன்றாமவர் ஹாய்ஸ்ட்டைத் தரைக்கு இறக்கி, வேறு யாரும் எடுக்காதபடி பிடித்து வைப்பார். முதலுதவி தெரிந்தவர்கள் பையோடும், தானியங்கி இதய அதிர்வுக் கருவி இருந்தால் அதோடும் ஆளிடம் போவார்கள்.

சுற்றியுள்ள இயந்திரங்கள் நிற்க வேண்டும். சத்தம் நின்றால்தான் முனகல் கேட்கும். கிரேன் ஓட்டுநரை மட்டும் கீழே இறங்க விடாதீர்கள். அவர் பதறி இறங்கிவிட்டால், இறக்க வேண்டிய ஆளுக்காக அவர் மறுபடி அத்தனை ஏணிப் படிகளையும் ஏற வேண்டும்.

மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். இரத்தம் பீறிட்டால் நேராக அழுத்திப் பிடியுங்கள். கம்பி உடலுக்குள் பாய்ந்திருந்தால் உருவக் கூடாது. அது நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்ட வேண்டிய நீளத்தைத் தீயணைப்புக் குழு வெட்டும். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதும், தண்ணீர் புகட்டுவதும், ஆட்டோவில் ஏற்றி ஓடுவதும் நல்லெண்ணத்தில் நடக்கும் தீங்குகள்.

மீட்கப் போனவர் சாகும் நான்கு இடங்கள்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கீழே சொல்லும் நான்கிலும் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரே உந்துதல்தான் வரும்: குதித்து இழுத்துவிடலாம் என்று. அந்த உந்துதலைக் காலைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசித்தான் அடக்க முடியும்.

சரிந்த பள்ளம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை இருக்கும். நெஞ்சுவரை புதைந்தவருக்கு முகம் வெளியே தெரிந்தாலும் மார்பு விரியாது. மற்றவர்கள் ஓடிவந்து விளிம்பில் நின்றால் அந்த எடையே அடுத்த சரிவைக் கூட்டிவரும். எல்லாரையும் விளிம்பிலிருந்து விலக்குங்கள். பக்கத்து இயந்திரங்களை நிறுத்துங்கள். சாலையில் போகும் கனரக வண்டிகளையும் தடுக்க முடிந்தால் தடுங்கள். கடைசியாக அவரை எங்கே பார்த்தோம் என்ற இடத்தை ஒரு குச்சி நட்டோ பெயின்ட் அடித்தோ குறியுங்கள். தோண்டும் இயந்திரத்தால் ஆளைத் தோண்டி எடுக்க முயலவே கூடாது. அதன் பற்களுக்கு மண்ணும் உடலும் ஒன்றுதான். தண்ணீர் ஊறினால் பம்பு போடுங்கள். பள்ளத்துக்குக் கொண்டுவந்து இன்னும் போடாமல் வைத்திருக்கும் முட்டுத் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று குழுவுக்குச் சொல்லுங்கள்.

தொட்டி, மூடிய குழி, மேன்ஹோல். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நயாஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மற்றவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள். காற்றில் ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு. ஆனால் அளவு கூடியதும் அது மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று நினைப்பவர் அடுத்த மூச்சில் விழுவார். குழியின் வாய்மேல் நிறுத்தும் மீட்பு முக்காலியும், இறங்குபவரோடு கட்டிய கயிறும் இருந்தால் வெளியிலிருந்தே இழுக்கலாம். இல்லையென்றால் மேலிருந்து காற்றைச் செலுத்துங்கள், தனி மூச்சுக் கருவியோடு தீயணைப்புக் குழு வரட்டும். தூசிக்குப் போடும் முகமூடி இங்கே வெறும் துணி.

விழும்போது பாதுகாப்பு பெல்ட் தாங்கி, அதில் தொங்குபவர். "பெல்ட் காப்பாற்றிவிட்டது" என்று எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில்தான் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அசையாமல் தொங்கும்போது இரத்தம் கால்களில் தேங்கும். அரை மணி நேரத்துக்குள்ளாகவே நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே இவரை இறக்குவது தீயணைப்புத் துறைக்கு விட்டுவிடும் வேலை அல்ல. அவர்களை அழைத்துக்கொண்டே உங்கள் ஏற்பாட்டால் இறக்கத் தொடங்க வேண்டும்: ஆளேற்றும் தூக்குமேடை, மீட்புக் கயிற்றுக் கருவி, எது இருக்கிறதோ அது. இறக்கும்வரை கால்களை ஆட்டச் சொல்லுங்கள். கால் வைக்கும் வளையப் பட்டை இருந்தால் அதில் மிதித்து நிற்கச் சொல்லுங்கள். இறக்கியதும் வழக்கமான முதலுதவிதான். இப்படி இறக்கியவரைப் படுக்கவைக்கக் கூடாது, உட்காரவைக்க வேண்டும் என்று முன்பு பலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னர் ஆய்ந்து கைவிட்டார்கள். பழைய பயிற்சி பெற்றவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதைச் சொல்லித் திருத்துங்கள்.

மின்சாரம். கிரேனோ கான்கிரீட் பம்பின் கையோ மின்கம்பியைத் தொட்டுவிட்டால், உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைத் தூக்காமல் தரையோடு தேய்த்துக் குறுநடையாக விலக வேண்டும். மற்றவர்கள் குறைந்தது 10 மீட்டர் தள்ளி. கம்பியில் பொறி பறப்பது நின்றுவிட்டது என்பதை நம்பாதீர்கள். பல மின்பாதைகள் அறுந்த சில நொடிகளில் தானாகவே மறுபடி உயிர்பெறும். மின்வாரியம் துண்டித்துவிட்டதாக உறுதிசெய்யும்வரை தீயணைப்பு வீரர்களும் கிட்டே போக மாட்டார்கள். ஆகவே மின்வாரியத்தின் அவசர எண் வாசல் பெட்டியில் முதல் வரியில் இருக்கட்டும்.

தீ இந்த நான்கில் சேராது. ஆனால் ஒரு சொல். வெல்டிங்குக்குப் பயன்படும் அசெட்டிலின் வாயுச் சிலிண்டர் சூடேறியிருந்தால், தீ அணைந்த பிறகும் உள்ளே வேதிமாற்றம் தொடர்ந்து மணிக்கணக்கில் கழித்துக்கூட வெடிக்கலாம். "எங்கோ ஒரு மாடியில் ஒரு சிலிண்டர் இருக்கிறது" என்பது தீயணைப்பு அதிகாரிக்கு நீங்கள் தரக்கூடிய மிக மோசமான தகவல். தினமும் மாலையில் சிலிண்டர்கள் கூண்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

ஏழாம் படி: ஒப்படைப்பது

வண்டியிலிருந்து இறங்கும் தீயணைப்பு அதிகாரியின் முதல் கேள்வி "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்பதாகவே இருக்கும். "இருக்கலாம்" என்று சொன்னால் அவர் தம் ஆட்களை உள்ளே அனுப்புவார். அந்த ஆள் அரை மணி முன்பே வெளியே போயிருந்தால், வீணாக நான்கு உயிர்களைப் பணயம் வைத்தது நீங்கள்தான். வாசல் பதிவேடு, துணை ஒப்பந்ததாரர்களின் மேஸ்திரிகள் கையில் உள்ள அன்றைய பட்டியல், வந்துபோன பார்வையாளர்கள் ஆகிய மூன்றையும் கூடுமிடத்தில் ஒப்பிட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். மதியத்துக்குப் பிறகு வேறு இடத்துக்கு அனுப்பிய கூலியாட்கள்தான் இந்தக் கணக்கை எப்போதும் குழப்புவார்கள்.

தீயணைப்பு அதிகாரி வந்த கணத்திலிருந்து கட்டளை அவருடையது. நீங்கள் எத்தனை ஆண்டு அனுபவசாலியாக இருந்தாலும் இனி நீங்கள் அவருடைய ஆலோசகர். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லாமல், தனி நிறச் சட்டை அணிந்த ஒரே ஒருவர் வரைபடத்தோடு அவர் பக்கத்தில் கடைசிவரை நிற்க வேண்டும். எந்தச் சுவர் தற்காலிகம், எந்தக் கூரை நேற்று கான்கிரீட் போட்டது, எந்த மின்பெட்டி எதை நிறுத்தும் என்பதெல்லாம் அவருக்கு உங்களிடமிருந்துதான் வர வேண்டும். மெயினை நிறுத்தினால் ஹாய்ஸ்ட்டும் நின்றுவிடும், நீரிறைக்கும் பம்பும் நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் குழுவிடம் முதலுதவியாளர் சொல்ல வேண்டியது அரை நிமிடப் பேச்சு: ஏறத்தாழ என்ன வயது, எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி நடந்தது, எங்கே காயம், இப்போது நினைவும் மூச்சும் எப்படி, நாம் என்ன செய்தோம். விழுந்த உயரமும் விழுந்த பரப்பும் முக்கியம்; மணலில் விழுவதும் கம்பிக் கட்டின்மேல் விழுவதும் ஒன்றல்ல. எடை நசுக்கிய நிலையில் நீண்ட நேரம் மாட்டிக்கொண்டிருந்தால், எத்தனை மணியிலிருந்து என்று கட்டாயம் சொல்லுங்கள். அழுத்தத்தை விடுவித்ததும் நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். எப்போது, எப்படி விடுவிப்பது என்று மருத்துவக் குழுவே முடிவு செய்யட்டும். ரசாயனம் பட்டிருந்தால் தரவுத் தாளையோ டப்பாவின் லேபிளையோ கையில் கொடுங்கள்.

காயம்பட்டவரோடு ஒருவரை அனுப்புங்கள். அவர் மொழி பேசுபவராக இருந்தால் நல்லது. பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டாரின் எண் ஆகியவை எழுதிய சீட்டு உடன் போகிறவர் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியின் ஹெல்மெட் உள்ளேயும் இப்படி ஒரு சீட்டு ஒட்டிவைப்பது மலிவான பழக்கம்.

எட்டாம் படி: வண்டி போன பிறகு

எதையும் அள்ளிச் சுத்தம் செய்யாதீர்கள். மீட்புக்காக நகர்த்தியது போக மற்றவை அப்படியே இருக்கட்டும். கயிறு கட்டி ஒருவரைக் காவல் வையுங்கள். நகர்த்தியது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை அதிகாரிகள் அனுமதிக்கும்வரை அந்தப் பகுதியில் வேலை கிடையாது. பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கதை ஒன்றாகிவிடும் முன் தனித்தனியே அவர்கள் சொல்வதைப் பதியுங்கள். வீடியோக்கள் பரவாமல் தடுங்கள். குடும்பத்தாருக்கு அது செல்பேசியில் வந்து தெரியக் கூடாது. நிறுவனத்தின் ஒருவர் பேச வேண்டும்.

தீயணைப்பு, ஆம்புலன்ஸ் குழுவினரை ஒரு வாரத்துக்குள் மறுபடி சந்தித்து "எங்களால் உங்களுக்கு எங்கே தாமதமானது?" என்று கேளுங்கள். மழுப்பாமல் சொல்லிவிடுவார்கள்.

ஒத்திகை

இதுவரை சொன்ன எல்லாம் தாளில் அழகாகவே இருக்கும். கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு நடத்திப் பார்த்தால்தான் ஓட்டைகள் தெரியும். மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் குறியுங்கள்: கூச்சலிலிருந்து அழைப்புவரை, அழைப்பிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து ஆளருகே போகும்வரை. நடுவிலுள்ளதை உங்களால் குறைக்க முடியாது. முதலாவதும் மூன்றாவதும் ஒவ்வோர் ஒத்திகையிலும் குறைய வேண்டும்.

முதல் ஒத்திகையைச் சொல்லிவிட்டு நடத்துங்கள், அடுத்ததைச் சொல்லாமல். நிலையத்துக்கு மட்டும் இரண்டையும் முன்பே தெரிவித்துவிட வேண்டும்; உண்மையான அழைப்பு என்று நினைத்து அவர்கள் வேறோர் இடத்தை விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள்: ஒருமுறை நிலவறை, ஒருமுறை கிரேன் உச்சி, ஒருமுறை பள்ளம்.

ஒன்றையாவது இரவில் வையுங்கள், கான்கிரீட் போடும் நாளாகப் பார்த்து. மேலாளர் வீட்டில் தூங்குவார், பாதுகாப்பு அலுவலர் விடுப்பில் இருப்பார், வாசலில் காவலாளி மட்டும் இருப்பார். அவருக்கு வாசல் எண் தெரிகிறதா, பெட்டிச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறதா, அவருடைய செல்பேசியில் அழைக்கப் பணம் இருக்கிறதா இல்லையா என்பது அன்று தெரிந்துவிடும்.